கத்தி வாங்கின மருமவனுக்கு

மருமவனே, உம்ம தோள்பையைப் பிரிச்சுப் பாத்தேன். அடேயப்பா! காரையாறுப் பக்கம் ஒரு பகல் மலை நடக்கப் போறீரா, இல்ல காட்டை அழிச்சு ஊரு கட்டப் போறீரா?

அந்தக் கத்தியைச் சொல்லுதேன். முதுகுப் பக்கம் ரம்பப் பல்லு. பிடியைத் திருகினா உள்ள திசைகாட்டி, தூண்டில் முள்ளு, நரம்பு, தீக்குச்சின்னு ஒரு மளிகைக் கடையே இருக்கு. இரும்புக்குப் பக்கத்துல வச்சா திசைகாட்டி முள்ளு இரும்பைத்தான் காட்டும், வடக்கையா காட்டும்? அதுவும் போகட்டும். பிடிக்குள்ள இவ்வளவு பொள்ளல் இருந்தா, அலகோட காம்பு எங்கவே போகும்? கழுத்துல ஒரு திருகாணியோட நின்னுரும். ஓங்கி ஒரு வெட்டு வெட்டினா பிடி உம்ம கையில, அலகு புதருக்குள்ள. கொல்லம்பட்டறையில பழைய லாரிப் பட்டையில அடிச்ச அருவாளைப் பாரும். காம்பு கட்டைக்குள்ள ஆழமா இறங்கி, வாயில பூண் இறுக்கியிருக்கும். துரு ஏறத்தான் செய்யும். வேலை முடிஞ்சதும் தொடச்சு நாலு சொட்டு எண்ணெ தடவினா தீந்துது.

உடனே அருவாளைத் தூக்கிட்டுக் கெளம்பிராதேயும். அதுவும் சரணாலயத்துக்குள்ள போகாது, உம்ம கத்தியும் போகாது. 1972-ஆம் வருசத்து வன உயிரினச் சட்டத்துல, அனுமதி இல்லாம சரணாலயத்துக்குள்ள ஆயுதத்தோட நுழையக் கூடாதுன்னு இருக்கு. ஆயுதம்னா துப்பாக்கி மட்டும்னா நெனச்சீரு? கத்தி, வலை, கொக்கி எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. பிடிக்குள்ள ஒளிஞ்சு கெடக்கே தூண்டில் முள்ளு, அதையும் சேத்துத்தான். செக்போஸ்டுல நின்னு இதுக்கெல்லாம் விளக்கம் சொல்ல நல்லா வாய் வேணும்.

தீப்பொறி பறக்குற கம்பி ஒண்ணும் வச்சிருக்கீரு. அதைத் தொடவே தொடாதேயும். 2018 மார்ச்சுல குரங்கணி மலையில காட்டுத்தீக்குள்ள மாட்டிச் செத்தது உம்மள மாதிரி நடக்கப் போன புள்ளைங்கதான். இதுல மாமன் கேலி பேசல.

அந்தப் பம்பு என்னதுவே, பாம்புக் கடியில விஷத்தை உறிஞ்சி எடுக்குமாமே! விஷமுறிவு மருந்து செய்யுறதுக்கு நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நாலுலயும் விஷம் எடுத்துக் குடுக்குற இருளர் கூட்டுறவுச் சங்கம் வடநெம்மேலியில இருக்கு, 1978-ல ஆரம்பிச்சது. பாம்பு பிடிக்கப் போற அந்த மனுசங்க கையில இந்தப் பம்பா இருக்கு? ஒரு கம்பி, ஒரு துணிப்பை. கடிச்சா கீறவும் வேண்டாம், உறிஞ்சவும் வேண்டாம், கயிறு போட்டு இறுக்கவும் வேண்டாம். கடிபட்ட கையைக் காலை அசைக்காம 108-ஐக் கூப்பிட்டு பெரியாஸ்பத்திரிக்குப் போகணும். கடி படாம இருக்கணும்னா கணுக்காலை மூடுற பூட்ஸும், இருட்டினா ஒரு டார்ச்சும் போதும். அட்டை ஏறாம இருக்க நீளக் காலுறை மாட்டும்.

தற்காப்புன்னு மிளகு ஸ்ப்ரே வச்சிருக்கீரு, நல்லதுதான். ஆனா பைக்கு அடியில, சாப்பாட்டு டப்பாவுக்குக் கீழ வச்சிருக்கீரே! வாரவன்கிட்ட, "அண்ணாச்சி, கொஞ்சம் நில்லும், எடுத்துக்கிடுதேன்"னா சொல்லுவீரு? டப்பாவுல காலாவதித் தேதி போட்டிருக்கும், பாரும். காத்து எந்தப் பக்கம் அடிக்குன்னும் பாரும். எதிர்காத்துல அடிச்சா அழப்போறது நீருதான்.

இது போக, சிலம்பத்துக்குச் சேர்ந்த அன்னைக்கே ரெண்டு முனையிலயும் விளக்கு எரியுற கம்பு வாங்கிட்டீராமே. ஆசான் அதைப் பாத்துச் சிரிக்கலையா? முதல்ல காலடி போடச் சொல்லுவாரு, கம்பு பொறவுதான். அப்ப கல்மூங்கில்ல எடும். உள்ள பொள்ளல் கம்மி, கணு நெருக்கம். நிமிந்து நின்னா உம்ம நெத்திக்கு வரணும். தரையில ஒரு தட்டு தட்டிப் பாத்து, கீறல் விட்ட சத்தம் கேட்டா கடையிலயே வச்சிட்டு வாரும்.

வாங்கின சாமானைத் திருப்பி அனுப்பக் கெடு இருக்காமே. கத்தியையும் பம்பையும் இன்னைக்கே அனுப்பி வையும். நீரு டார்ச்சு ரெண்டு வாங்கியிருக்கீரு. அதுல ஒண்ணை இங்க விட்டு வையும், ராத்திரி தண்ணி பாய்ச்ச எனக்கு ஆகும்.