கூடத்து ஹெலிகாப்டர்: பாயிரமும் உரையும்

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது நம் மரபு. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நுதலிய பொருள்: ரிமோட்டில் பறக்கும், ஒரு சாண் நீளமே உள்ள விளையாட்டு ஹெலிகாப்டர். எல்லை: வடக்கே பால்கனிக் கதவு, தெற்கே அடுப்படி, மேலே மின்விசிறி, கீழே மொசைக் தரை. கேட்போர்: பிள்ளைக்கு என்று சொல்லித் தனக்கு வாங்கப்போகிற தகப்பன்மார். பயன்: உவகை பிறக்கும் நான்கு இடங்களுள் விளையாட்டையும் ஒன்றாகத் தொல்காப்பியர் வைத்திருக்கிறார். அதற்கு மேலும் பயன் கேட்பவர்கள் இந்தப் பத்தியோடு நின்றுகொள்ளலாம்.

முதனூலும் வழிநூலும்

பெரிய ஹெலிகாப்டரைப் பார்த்துத்தான் சின்னதைச் செய்தார்கள் என்று உலகம் நம்பிக்கொண்டிருக்கிறது. நடந்தது நேர் எதிர். 1784-ல் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன்னால் லோனுவா, பியென்வெனு என்ற இருவர் ஒரு பொம்மையைப் பறக்கவிட்டுக் காட்டினார்கள். ஒரு குச்சி; அதன் இரு முனைகளிலும் வான்கோழி இறகுகள்; மேல் இறகுகள் ஒரு பக்கம் சுற்ற, கீழ் இறகுகள் மறுபக்கம் சுற்றும். எஞ்சின் என்று இருந்தது வளைத்த வில்லின் நாண் மட்டுமே. ஆளைத் தூக்கிக்கொண்டு ஒரு ஹெலிகாப்டர் தரையை விட்டு எழும்ப 1907 வரை ஆயிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொம்மை பறந்துகொண்டிருந்தது. 'உண்மை' ஹெலிகாப்டர் அதுவரை பிறக்கவே இல்லை.

1870-ல் அல்ஃபோன்ஸ் பேனோ என்ற பிரெஞ்சுக்காரர் வில்லை நீக்கிவிட்டு முறுக்கிய ரப்பரைப் பூட்டினார். அந்த வகைப் பொம்மை ஒன்றை 1878-ல் மில்டன் ரைட் என்ற அமெரிக்கப் பேராயர் வெளியூர் போய்த் திரும்பும்போது பிள்ளைகளுக்கு வாங்கிவந்தார். வில்பருக்கு அப்போது 11 வயது, ஆர்விலுக்கு 7. பொம்மை உடைந்ததும் பையன்கள் தாங்களே செய்து பார்த்தார்கள். அளவைக் கூட்டக் கூட்ட அது பறக்க மறுத்தது. நீளத்தை இரட்டிப்பாக்கினால் எடை எட்டு மடங்காகும் என்ற கணக்கு அந்த வயதில் அவர்களுக்கு எட்டவில்லை. விமானம் கண்டுபிடித்த சகோதரர்களே பெரிய ஹெலிகாப்டர் வேலைக்கு ஆகாது என்று பால்ய வயதில் நிறுவியிருக்கிறார்கள் என்பதை, கடையில் பெரிய பெட்டியைக் கை காட்டும் அன்பர்கள் மனத்தில் இருத்துக.

இன்னும் வலுவான சான்று ஆர்தர் யங். தத்துவம் எழுத வேண்டும் என்று ஆசைப்பட்ட இந்த அமெரிக்கர், அதற்கு முன்பயிற்சியாக ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்துவிடலாம் என்று இறங்கியவர். பென்சில்வேனியாவில் பவோலி என்ற ஊரில் ஒரு களஞ்சியக் கொட்டகைக்குள், மின்மோட்டார் வைத்த சிறு மாதிரிகளைத் தூரத்தில் நின்று இயக்கிப் பறக்கவிட்டுப் பார்த்தார். ஆண்டுக்கணக்கில் அவர் செய்ததெல்லாம் இதுதான். அப்படித்தான் சுழலியோடு ஒரு குறுக்குக் கம்பியைச் சேர்த்து வைத்து, அதன் முனைகளில் கனம் சேர்த்தால், ஆட்டம் கண்ட றெக்கையை அது சமன்செய்யும் என்று கண்டார். 1941-ல் அந்தப் பொம்மையை எடுத்துக்கொண்டு பெல் விமானக் கம்பெனிக்குப் போனார். 1946 மார்ச் 8 அன்று, உலகிலேயே பொதுப் பயன்பாட்டுக்கு முதலில் சான்று பெற்ற ஹெலிகாப்டராக பெல் 47 வெளிவந்தது. ஆக, பொம்மை முதனூல், பெல் 47 வழிநூல். இன்றும் கடையில் வாங்கும் சின்ன ஹெலிகாப்டரின் உச்சியில், இரு முனையிலும் குண்டு வைத்த அந்தக் கம்பியைப் பார்க்கலாம். "இந்த வயசுல பொம்மையா?" என்று வீட்டில் கேட்டால், முதனூல் பயில்கிறேன் என்று விடை கூறுக.

ரேடியோவில் இயங்கும் மாதிரியை ஒழுங்காகப் பறக்கவைத்த பெருமை ஜெர்மானியர் டீட்டர் ஷ்லூட்டருக்கு உரியது. 1970-ல் அவருடைய மாதிரி ஒரே மூச்சில் 27 நிமிடங்களுக்கு மேல் பறந்தது. அவை எஞ்சின் வைத்த பெரிய உருப்படிகள். நம் எல்லையில் அடுப்படி இருப்பதால் அவரை வணங்கி நகர்வோம்.

வால் இலக்கணம்

ஹெலிகாப்டர் தெரிவு செய்வோர் விலையைப் பார்ப்பர், நிறத்தைப் பார்ப்பர், விளக்கு எரிகிறதா என்று பார்ப்பர். வாலைப் பார்ப்பார் இலர். எல்லாம் வாலில் இருக்கிறது.

மேலே றெக்கை ஒரு பக்கம் சுற்றினால், உடம்பு எதிர்ப்பக்கம் சுற்றப் பார்க்கும். இதைத் தடுக்கப் பெருவழக்கான வழி இரண்டு. ஒன்று, வாலில் ஒரு சிறு விசிறியைச் செங்குத்தாக நிறுத்தி, பக்கவாட்டில் காற்றைத் தள்ளி உடம்பைப் பிடித்து வைப்பது. மற்றொன்று லோனுவா, பியென்வெனு கையாண்ட வழி: ஒரே தண்டில் இரண்டு அடுக்கு றெக்கைகளை எதிரெதிராகச் சுற்றவிட்டால் கணக்கு நேராகிவிடும். இந்த இரண்டாவது வகையில் வாலுக்குத் தடுக்கும் வேலை இல்லை. அங்கே உள்ள விசிறி வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும்; வாலைத் தூக்கினால் மூக்கு தாழ்ந்து வண்டி முன்னே போகும், வாலை அமுக்கினால் பின்னே வரும். இடம் வலம் திரும்புவது, மேல் றெக்கையையும் கீழ் றெக்கையையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவைப்பதால் நிகழ்கிறது.

எனவே கடைக்காரர் பெட்டியை நீட்டியதும் வாங்குபவர் கேட்க வேண்டியது ஒன்றே: வால் விசிறி நிற்கிறதா, படுத்திருக்கிறதா? படுத்திருந்தால் வீட்டுக்குக் கொண்டு போகலாம். நின்றால், கற்றுக்கொள்ளக் காலமும் உடைந்ததை மாற்றக் காசும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கொண்டு போக வேண்டும்.

சேனல் என்பது தனித்தனியாக இயக்கக்கூடிய அசைவுகளின் எண்ணிக்கை. மூன்று சேனலில் ஏறி இறங்கலாம், திரும்பலாம், முன்பின் போகலாம். நான்கில் பக்கவாட்டிலும் நகரலாம். ஆறில் றெக்கையின் சாய்மானத்தையே பறக்கும்போது மாற்றலாம், தலைகீழாகக்கூட நிற்கவைக்கலாம். இந்த ஆறு சேனல் வர்க்கத்தில் 450, 600, 700 என்று எண்களால் அழைக்கப்படும் பெரிய குடும்பம் ஒன்று உண்டு. 450-ன் ஒரு றெக்கையே 325 மில்லிமீட்டர் நீளம். நிமிடத்துக்கு ஈராயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். 700-ன் சுழல் வட்டம் ஒரு ஆளின் உயரத்தை நெருங்கும். இங்கே கேலியை ஒதுக்கி வைக்கிறேன்: 2013-ல் நியூயார்க்கில், பழக்கமுள்ள இளைஞர் ஒருவரே தன் ஹெலிகாப்டரின் றெக்கை பட்டு இறந்தார். இந்த வகை, கம்ப்யூட்டரில் சிமுலேட்டரில் மாதக்கணக்கில் விழுந்து எழுந்தவர்களுக்கு, ஆளில்லாத மைதானத்துக்கு.

நம் கூடத்துக்குரியது சைமா எஸ்107 போன்ற மூன்று சேனல் ரகம். எடை சுமார் 40 கிராம். விரலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். இந்தியாவின் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகள் 250 கிராம் வரையுள்ளவற்றை நானோ என்று வகுத்து, ஓட்டுநர் உரிமம் தேவையில்லை என்று விட்டுவிட்டன. வீட்டு அனுமதி அவ்விதிகளில் அடங்காது.

நிலமும் பொழுதும்

முதற்பொருள் நிலமும் பொழுதும் என்பர். கூடத்து ஹெலிகாப்டருக்கு நிலம் தெளிவு. பொழுதுதான் சிக்கல். இந்த ரகங்களில் பல, டிவி ரிமோட் வேலை செய்யும் அதே அகச்சிவப்பு ஒளியில் இயங்குகின்றன. வெயிலிலும் அந்த ஒளி ஏராளம் இருப்பதால், மொட்டை மாடிக்கு எடுத்துப் போனால் ரிமோட் சொல்வது அதன் காதில் ஏறாது. சரி, வெயில் சாய்ந்தபின் போகலாமே எனில், காற்று விடாது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்று சொல்லிவைத்த நாட்டில் 40 கிராமுக்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே கூடமே கதி. கூடத்தில் மின்விசிறி. அது ஓடினால் இது ஓடாது. இது ஓட அதை நிறுத்தினால், சித்திரை மாதத்தில் குடும்பத்தில் எஞ்சிய அனைவரும் வியர்வையில் நனைந்துகொண்டு ஒருவருடைய ஆராய்ச்சியைப் பார்த்திருக்க வேண்டும். ஏசி உள்ள வீடுகளில் இப்பகை தணியும் என்று சிலர் கருதுவர். ஏசியின் காற்று ஒரே திசையில் வீசுவதால் வண்டி திரும்பத் திரும்ப ஒரே இடத்தில், பெரும்பாலும் பூஜை அறைத் திரைச்சீலையில் போய் முடியும். மார்கழிக் காலை, கதவு சாத்தியிருக்க, மின்விசிறி யாருக்கும் வேண்டாத வேளை. இதுவே பெரும்பொழுதும் சிறுபொழுதும் பொருந்திய நேரம் என்பது என் துணிபு.

உயரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. புதியவர்கள் பயத்தில் தரையை ஒட்டியே ஓட்டுவார்கள். றெக்கை தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி வண்டியையே அலைக்கழிக்கும் இடம் அது. துணிந்து இடுப்பு உயரத்துக்கு ஏற்றினால் தானாக அமைதியாகும். கூரைக்குப் பக்கத்தில் கொண்டு போனாலோ மேலே ஒட்டிக்கொள்ளும். நடுவுநிலைமை இங்கே அறம் அன்று, ஏரோடைனமிக்ஸ்.

மூக்கு எதிர்ப்படுதல்

இவ்விளையாட்டின் மெய்யியல் சிக்கல் ஒன்றே ஒன்று. வால் நம்மைப் பார்த்திருக்கும்வரை அதன் இடம் நமக்கும் இடம். அது திரும்பி மூக்கைக் காட்டியதும் அதன் இடம் நமக்கு வலம். கையில் இருக்கும் ரிமோட்டின் குச்சி மட்டும் பழைய பாடத்தையே படிக்கும். டிவி ஸ்டாண்டுகளில் காணப்படும் கீறல்கள் அனைத்தும் இந்தக் கணத்தில் விளைந்தவை.

இதற்கு உரையாசிரியர்கள் மூவகைத் தீர்வு சொல்வர். உள்ளே தானே உட்கார்ந்து ஓட்டுவதாக எண்ணுக என்பார் ஒரு சாரார். அவ்வாறு எண்ணியோர், மோதும்போது தலையைக் குனிந்து கொள்வதும் கண்டிருக்கிறோம். எதிரே வரும்போது கையை மாற்றிக் கொள்க என்பார் மற்றொரு சாரார். 'எதிரே' எப்போது தொடங்குகிறது என்று கணிப்பதற்குள் சுவர் வந்துவிடும். மூன்றாம் சாரார் தம் உடம்பையே ஹெலிகாப்டர் பார்க்கும் திசைக்குத் திருப்பிக்கொண்டு, கழுத்தை மட்டும் முறுக்கிப் பின்னால் பார்த்து ஓட்டுவர். முறை சரியானதுதான். ஆனால் வெளியிலிருந்து வருகிறவருக்கு, ஒருவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு தோள்மேல் திரும்பிப் பார்த்துப் பதறுவதாகத் தெரியும்.

என் முடிபு இது. முதலில் வாலை நம் பக்கமே வைத்து, ஓர் இடத்தில் நிறுத்தப் பழகுக. முன்னே போவது எளிது, நிற்பது அரிது. சாதாரண விமானத்தால் முடியாத செயல் இது; ஹெலிகாப்டர் என்று ஒன்றைச் செய்ததே இதற்காகத்தான். வண்டி சொல்லாமலே ஒரு பக்கம் சுற்றினால் ரிமோட்டில் உள்ள டிரிம்மைச் சிறிது எதிர்ப்பக்கம் நகர்த்துக. நெஞ்சு உயரத்தில் அது அசையாமல் நிற்கும்போது, கட்டைவிரல் மட்டும் மயிரிழை அளவு மேலும் கீழும் போய்வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஒன்றும் நடக்காததாகத் தெரியும். அங்கேதான் இந்த விளையாட்டு முழுதும் நடக்கிறது. பிறகு மெல்ல மெல்லக் கால்வாசித் திருப்பம், அரைத் திருப்பம் என்று போய், கடைசியில் மூக்கை நேருக்கு நேர் பார்க்கலாம். டிவி ஸ்டாண்டை அதுவரை போர்வையால் மூடுக.

மெய்ப்பாடு

எண்வகை மெய்ப்பாடும் ஒரே பேட்டரியில் தோன்றும். சிறுமையும் வியப்புக்குக் காரணம் என்று தொல்காப்பியர் சொல்லியிருப்பது, முதல் தடவை தரையிலிருந்து எழும்பும்போது விளங்கும். உறுப்பை அறுத்தால் வெகுளி வரும் என்றது, வால் ஒடியும்போது. இழவால் அழுகை, அடுத்த வீட்டு பால்கனிக்குள் போய் விழும்போது. நகைக்கு அவர் சொன்ன நான்கும் பார்வையாளர்களுக்கே உரியவை.

கால அளவைப் பொறுத்து ஒரு குறிப்பு. சுமார் எட்டு நிமிடம் பறக்கும். சார்ஜ் ஏற முக்கால் மணி நேரம் பிடிக்கும். இந்த விகிதத்தால் ஒவ்வொரு வீட்டிலும் கீழ்க்கண்ட உரையாடல் நிகழ்கிறது.

"என்கிட்ட குடுங்கப்பா."

"இருடா, சார்ஜ் நிக்குதான்னு பாத்துட்டுத் தரேன்."

"எனக்குத்தானப்பா வாங்குனீங்க?"

"உனக்குத்தான். அதான் நல்லா ஓடுதான்னு பாக்குறேன்."

சோதனை ஏழு நிமிடம் நீளும். எட்டாவது நிமிடம் பிள்ளையுடையது. இதில் நீதி இல்லை எனினும் மரபு இருக்கிறது: பேராயர் ரைட்டும் பொம்மையைக் கையில் கொடுக்காமல் காற்றில் வீசிக் காட்டித்தான் கொடுத்தார்.

மறுப்பும் விடையும்

ட்ரோன் வந்தபின் இது எதற்கு என்பது பூர்வபட்சம். ட்ரோன் நான்கு விசிறியில், உள்ளிருக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ள, தானே நிற்கும். குச்சியை விட்டுவிட்டு டீ குடிக்கப் போகலாம். தானே நிற்பதை நிறுத்திவைத்தோம் என்று யாரிடம் போய்ச் சொல்வது? படம் பிடிக்க வேண்டும் என்பவர் ட்ரோன் வாங்கட்டும். நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பவருக்கு ஹெலிகாப்டரே தக்கது. இதுவே இவ்வாய்வின் தீர்ப்பு.

எஞ்சியது நடைமுறை. எதிலாவது மோதியதும் கை தானாகக் குச்சியை மேலே தள்ளும்; தள்ளாமல் உடனே கீழே இழுத்துவிடுக, இல்லாவிட்டால் பல்சக்கரம் தேயும், மோட்டார் கருகும். தண்டில் தலைமுடி சுற்றிக்கொள்ளும். அவ்வப்போது ஊசியால் எடுக்க வேண்டும். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜில் போடக் கூடாது, பத்து நிமிடம் ஆறட்டும். சார்ஜில் போட்டுவிட்டு வெளியே போகவும் கூடாது; உள்ளே இருப்பது தீப்பிடிக்கக்கூடிய லிப்போ பேட்டரி. முதலில் உடைவது எப்போதும் வால் விசிறிதான். வாங்கும் அன்றே இரண்டு உபரி வால் விசிறி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு போனால் கடையில் முழு ஹெலிகாப்டர்தான் இருக்கும்.