லயத்துத் துரை

நெகிரி செம்பிலானில் ரந்தாவ், சிலியாவ், லாபு, பகாவ் என்று எந்தப் பக்கம் போனாலும், செம்பனைக் காட்டுக்கு நடுவே மேட்டில் ஒரு பழைய பங்களா கண்ணில் படும். வெள்ளைக்காரத் துரை குடியிருந்தது. பிறகு கம்பெனி கைக்குப் போய், தவுக்கே கைக்குப் போய், கொஞ்ச காலம் வௌவால் கையிலும் இருந்துவிட்டு, இப்போது சிரம்பானில் யாரோ ஒரு வக்கீலோ பல் டாக்டரோ அதை வாங்கியிருப்பார். வெள்ளையடித்து, அறைக்கு ஒரு ஏர்கோன் மாட்டி, வாசலில் 'ஹோம்ஸ்டே' என்று பலகை நட்டிருப்பார். அரசாங்கம் 1995இல் தொடங்கிய ஹோம்ஸ்டே திட்டப்படி விருந்தாளி ஒரு குடும்பத்தோடு அவர்கள் வீட்டிலேயே தங்க வேண்டும்; லாபு பக்கம் கம்போங் பெலேகோங்கில் அப்படித்தான் நடக்கிறது. பங்களாவில் குடும்பம் ஏது? சாவி கொடுக்க ஒரு வங்காளதேசத் தம்பி இருப்பார், அவ்வளவுதான்.

இங்கே பலரும் வருகிறார்கள். கல்யாணப் படம் எடுக்க ஜோடிகள் வருவார்கள். குழு உணர்வை வளர்க்கக் கம்பெனி ஆட்கள் வருவார்கள். கோழி சுடுவார்கள், பாடுவார்கள், போய்விடுவார்கள். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத வேண்டியவர் ஒருவர்தான்: இதே மாதிரி ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து, படித்து, வேலைக்குப் போய், இப்போது கிள்ளானிலோ காஜாங்கிலோ இரண்டு மாடி வீட்டில் ஓய்வூதியத்தோடு இருப்பவர். மனசுக்குள் நான் அவருக்கு லயத்துத் துரை என்று பெயர் வைத்திருக்கிறேன். எங்கள் உறவிலேயே அப்படிச் சிலர் உண்டு. அடுத்த கல்யாணத்தில் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருப்பதால் யார் யார் என்று சொல்வதற்கில்லை.

அவருடைய விடுமுறை தொலைபேசியில் தொடங்கும். ஓர் இரவுக்கு 450 வெள்ளி என்பார்கள். "ஏம்மா, நான் தோட்டத்துப் பிள்ளைம்மா. எங்கப்பா முப்பது வருசம் மரம் வெட்டுனவரு. பாத்துப் போடும்மா" என்பார். பேசுகிற பெண்ணுக்குத் தமிழ் தெரியாது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைக்கும். முழுக்கதையையும் மலாயில் திரும்பச் சொல்வார். அவளும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, 450 வெள்ளி என்பாள். போனை வைத்ததும் மனைவியிடம், "எங்கப்பாவோட மூணு மாசச் சம்பளம்" என்பார். இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள். சிரம்பான் டோல் தாண்டும்போது அது ஆறு மாசமாகிவிடும்.

மகன் கைப்பேசியில் வழிகாட்டியைப் போடுவான். அது இவருக்குப் பொறுக்காது. "கூகுளுக்கு என்னடா தெரியும், அது இங்க மரம் வெட்டுச்சா?" என்று கேட்டுத் தாமே வழி சொல்லத் தொடங்குவார். கள்ளுக்கடை மேட்டில் இடது பக்கம், ஆயாக் கொட்டகை தாண்டி வலது பக்கம், ஸ்டோர் வாடை வந்ததும் நேராக மேலே. கள்ளுக்கடை இல்லை, ஆயாக் கொட்டகை இல்லை, கட்டிப்பாலும் ஷீட்டும் புளித்த அந்த வாடையும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கம்வரை உலகத்துக்கே அதிக ரப்பர் கொடுத்த நாடு இது. இன்று கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை. ரப்பர் காட்டில் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு முகம் உண்டு என்பார். பால் வெட்டிய தழும்பை வைத்தே யார் நிரை என்று சொல்லிவிடலாமாம். இருக்கலாம். செம்பனையில் அந்த வித்தை பலிக்காது. கடைசியில் குலைகள் குவித்துக் கிடக்கும் ஒரு முட்டுச்சந்தில் வண்டி நிற்கும். மோட்டார் சைக்கிளில் வரும் வங்காளதேசத் தம்பி ஒருவர் முன்னால் போய் வழி காட்டுவார். "நான் சொன்ன வழிதான், கொஞ்சம் சுத்திட்டோம்" என்று இவர் கண்ணாடியை ஏற்றிக்கொள்வார்.

பங்களா வாசலில் செம்பருத்தி வேலி இருக்கும். இந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்வார். பிள்ளைகளை இறக்குவார். குரல் கொஞ்சம் கம்மும். "இந்த வேலியத் தாண்டி எங்கப்பா கால் வச்சதில்லடா." இது உண்மை, சந்தேகமே வேண்டாம். அதற்குப் பிறகு வரும் நாய்க் கதையில்தான் எனக்குச் சந்தேகம். வெள்ளைக்காரத் துரையின் நாய் இவரைப் பெரட்டுக் களம்வரை துரத்தியதாம். நான் கேட்ட எல்லா லயத்துத் துரையையும் அந்த நாய் துரத்தியிருக்கிறது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது. தம்பின் முதல் நீலாய்வரை அத்தனை தோட்டத்திலும் ஓடியிருக்கிறது. எப்படிப் பார்த்தாலும் ஐம்பது வயதுக்குக் குறையாது.

வேலியைத் தாண்டியாயிற்று. இனிமேல்தான் கவனிக்க வேண்டும். வராந்தாவில், கைப்பிடி நீளமாக வெளியே நீண்டிருக்கும் பழைய சாய்வு நாற்காலி ஒன்றைப் போட்டிருப்பார்கள். துரைமார் காலைத் தூக்கி அந்தக் கைப்பிடிமேல் நீட்டிக்கொண்டு கிடப்பதற்காகச் செய்தது. இவர் முதலில் அதைச் சுற்றி வருவார். கைப்பிடியைத் தடவுவார். நுனியில் உட்காருவார். பிறகு சாய்வார். ஒரு கால் மேலே போகும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரும் தம்பி, "பெட்டிய எந்த அறையில வைக்கணும், போஸ்?" என்று மலாயில் கேட்பார். அந்தப் 'போஸ்' காதில் விழுந்ததும் இன்னொரு காலும் மேலே போய்விடும்.

அரைமணி நேரத்தில் குரல் மாறுகிறது. வண்டியில் வந்தபோது "தம்பி" என்றவர், "ஹலோ" என்கிறார். அப்புறம் விரலைச் சொடுக்குகிறார். குளியலறையில் சுடுதண்ணீர் வரவில்லை என்று மகள் சொன்னதும் எழுந்து நின்று ஒரு பிரசங்கம். அதில் முதல் பாதி பிள்ளைகளுக்கு, மறுபாதி தம்பிக்கு. "நாங்கல்லாம் விடியக்காலம் நாலு மணிக்கு, பொதுக்குழாயில வரிசை புடிச்சு, பச்சத் தண்ணியில குளிச்சோம். அதுதான் உடம்பு இரும்பா இருக்கு!" மூச்சு விடாமல் தம்பி பக்கம் திரும்பி, "450 வெள்ளி வாங்குறீங்க, சுடுதண்ணி இல்லாம மனுசன் எப்படிக் குளிப்பான்?" முன்னது தமிழில், பின்னது மலாயில். இரண்டு மொழியும் தெரிந்த பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளும்.

அவர் மனைவியைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான். ஆனால் ஒரு வார்த்தை பழைய கதை பேசமாட்டார். ஓய்வெடுக்கலாம் வா என்று கூட்டி வந்திருக்கிறார்கள். அரிசிக் குக்கர், பாபாஸ் மசாலா, நெத்திலி, சாடின் டின், கொசுவத்தி எல்லாம் அவர்தான் கட்டி எடுத்து வந்திருக்கிறார். துரைக்குத் 'தோட்டத்துச் சமையல்' வேண்டுமாம், மரவள்ளிக்கிழங்கும் கருவாட்டுக் குழம்பும். சமைப்பது யார்? ஏன்க்கா, உங்களுக்குப் பழைய ஞாபகம் எதுவும் வரலையா என்று ஒரு முறை கேட்டேன். "குழாயடிச் சண்டை ஞாபகம் இருக்குப்பா. அது போதும்" என்று வெங்காயத்தை நறுக்கிக்கொண்டே சொன்னார். அந்தத் தம்பியின் பெயரையும், அவருக்கு இரண்டு பெண் குழந்தைகள் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர் அவர் ஒருவர்தான்.

சாயங்காலம் தேநீர் உள்ளே போனதும் மரம் வெட்டிக் காட்டும் படலம். அலங்காரத்துக்கென்று வாசலில் இரண்டு ரப்பர் மரங்களை விட்டுவைத்திருப்பார்கள், கம்பி கட்டி ஒரு மங்கோடு. சுவரில் மாட்டியிருக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு துரை இறங்குவார். விளக்கம் பிரமாதமாக இருக்கும், ஒரு வரி தப்பாது. இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவாக வர வேண்டும். பட்டை ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆழம் குறைந்தால் பால் வராது, கூடினால் மரத்தில் காயம் பட்டு முடிச்சு விழும், மண்டோர் பிடித்துக்கொள்வார். சொல்லிக்கொண்டே ஓர் இழுப்பு இழுப்பார். கத்தி நேராக மரத்துக்குள் போய் மாட்டிக்கொள்ளும். பால் ஒரு சொட்டு வராது. "வெயில் ஏறிட்டா பால் ஓடாதுடா" என்பார். அதுவும் உண்மைதான். விடியலின் குளிர்ச்சியில்தான் மரத்துக்குள் அழுத்தம் அதிகம், பால் ஓடும். அதற்காகத்தான் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ஒரு தலைமுறையே இருட்டில் காட்டுக்குள் போனது. ஆனால் இவர் பள்ளி விடுமுறையில் அம்மாவுக்கு மங்கு துடைத்துக் கொடுத்ததோடு சரி. கத்தியைத் தொட அம்மா விட்டதேயில்லை. இந்த விவரம் அக்கா வழியாகக் கிடைத்தது.

இருட்டிய பிறகு வராந்தாவில் அவர் பேசுவதை மட்டும் நான் தவறவிடுவதில்லை. கேலியெல்லாம் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளும். 1954இல் பி. பி. நாராயணன் பொதுச் செயலாளராக இருந்து, பிரிந்து கிடந்த சங்கங்களெல்லாம் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக ஒன்றானதைச் சொல்வார். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேற, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்க, லயத்து ஜனம் நடுத்தெருவுக்கு வந்ததையும், அதற்காகவே 1960இல் அமைச்சர் சம்பந்தன் பத்து பத்து வெள்ளியாகச் சேர்த்துக் கூட்டுறவுச் சங்கம் கண்டு தோட்டங்களை வாங்கியதையும் சொல்வார். 1969க்குப் பிறகு வேலை பெர்மிட் வந்தபோது, குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் ஆயிரக்கணக்கில் பெட்டி கட்டியதைச் சொல்லும்போது நிறுத்தி நிறுத்திப் பேசுவார். அவர் பெரியம்மா குடும்பம் அப்படித்தான் நாகப்பட்டினத்துக்குக் கப்பலேறியதாம். அப்புறம் இரண்டு கடிதம் வந்தது, அவ்வளவுதான். "ஆள ஆளா மதிக்கலடா அவனுங்க. விரலச் சொடுக்கித்தான் கூப்புடுவானுங்க" என்பார். கைப்பேசியை ஓரம் வைத்துவிட்டுப் பிள்ளைகளே கேட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த நேரம் பார்த்துக் கையிலிருக்கும் கிளாஸில் ஐஸ் தீர்ந்துபோகும். துரை திரும்பிப் பார்ப்பார், விரல் சொடுக்கும்.

ராத்திரி மின்சாரம் ஒரு முறை போய் வரும். அப்போது அவர் குரலில் வேறொரு மாற்றம். வெளியே ஆந்தையோ, பங்களா பின்னால் முனீஸ்வரர் கோயில் மரமோ, ஏதோ ஒன்று அசையும். தோட்டம் போனாலும் கோயில் போகாது. பள்ளிக்கூடம்கூட டவுனுக்குக் குடிபெயர்ந்த பிறகும் பலகையில் 'தோட்டத் தமிழ்ப்பள்ளி' என்றே இருக்கும். முனியும் அப்படியே இருப்பார் என்பது துரையின் நம்பிக்கை. இருட்டில் தனியாகக் காட்டுக்குள் திரிந்த வீரர், நடுச்சாமத்தில் கழிவறைக்குப் போக மகனை எழுப்புகிறார். "உனக்கு வரலையாடா?" என்று ஒரு கேள்வி, அவ்வளவுதான்.

காலை ஆறு மணிக்கு வாசலில் பேச்சுச் சத்தம். எட்டிப் பார்த்தால், தம்பி இன்னொரு மரத்தைப் பிள்ளைகளுக்கு வெட்டிக் காட்டிக்கொண்டிருக்கிறார். இங்கே வருவதற்கு முன் பகாவ் பக்கம் மரம் வெட்டியவராம். கத்தி பட்டையை நூலாகச் சீவிக்கொண்டு வர, பின்னாலேயே பால் வெள்ளைக் கோடாக இறங்கி மங்கில் சொட்டுகிறது. பிள்ளைகள் படம் பிடிக்கிறார்கள். லயத்துத் துரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு வந்து நின்று, குனிந்து பார்த்து, "ம், பரவால்ல, நல்லாத்தான் வெட்டுறான்" என்கிறார். கிராணியார் நிற்கும் நிற்பு அப்படியே. அவருக்கு அதை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சின்ன வயதில் தினமும் பார்த்ததுதான்.

அதே சூட்டில் லயம் பார்க்கக் கிளம்புவார். மேட்டுக்குக் கீழே ஒரு வரிசை இன்னும் மிச்சம் இருக்கும். நமது ஆட்கள் இல்லை. வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும் இருக்கிறார்கள். பங்களாத் தம்பியின் அறையும் அங்கேதான். வாசல் திண்ணையைப் பார்த்ததும் துரை பேச்சற்று நிற்பார். இது அவர் பிறந்த தோட்டமே இல்லை. ஆனால் அதே கம்பெனிப் பாணி, அதே பலகைச் சன்னல். கண் நிறைந்துவிடும். தம்பி உள்ளே கூப்பிட்டுத் தேநீர் கொடுப்பார். "ஒரு ரூம்ல எத்தனை பேரு?" "நாலு பேரு, போஸ்." "அடப்பாவமே, எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு, "எங்க வீட்ல எட்டுப் பேரு" என்று தாமே சொல்வார். சம்பளம் எவ்வளவு என்று விசாரிப்பார். 1,700 வெள்ளி, இப்போதைய குறைந்தபட்சச் சம்பளம். "நல்ல சம்பளம்! எங்கப்பாவெல்லாம்..." என்று ஆரம்பிப்பார். இங்கே வர ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் இன்னும் அடையவில்லை என்று தம்பி சொல்வார். துரை வாயைத் திறந்து, மூடி, தேநீரைக் குடித்து முடிப்பார். கிளம்பும்போது ஐம்பது வெள்ளித் தாள் ஒன்றை அவர் கையில் திணிப்பார், மனைவி பார்க்காத மாதிரி. அக்கா முன்னமே ஐம்பது கொடுத்திருந்தார், துரை பார்க்காத மாதிரி.

நல்லவர்தான், ஐயா. துரை என்றால் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அவர் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு மாதிரிதான். நாற்காலியில் உட்கார்ந்ததும் அது தானாக வந்துவிடுகிறது.

பகல் பன்னிரண்டுக்குச் சாவியைத் திருப்பித் தர வேண்டும். சுடுதண்ணீர் வராததற்கு விலையில் தள்ளுபடி கேட்டு மறுபடியும் தொலைபேசி; அதே பெண், அதே மரியாதை, அதே 450. "எங்கப்பாவோட ஒரு வருசச் சம்பளம். இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்கமாட்டேன்" என்று அறிவித்துவிட்டு வண்டியில் ஏறுவார். டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு முதல் ஆளாக முன்பணம் கட்டியிருப்பவர் அவர்தான். வராந்தாவை ஒட்டிய பெரிய அறைதான் வேண்டும் என்று சொல்லிவைத்திருக்கிறார். அந்த விடுமுறையில் பங்களா பார்க்க நினைப்பவர்கள் போர்ட்டிக்சன் பக்கம் இடம் தேடிக்கொள்ளுங்கள்.