வாசலை மறித்த கார்

கேள்வி: நியூயார்க்கின் பரோ பார்க்கில் வாழும் ஆசாரமான யூதர்கள், வெள்ளி மாலை சூரியன் மறைந்து ஓய்வுநாள் தொடங்கினால் காரைத் தொடமாட்டார்களாமே! அந்தக் கார் அடுத்த வீட்டு வாசலை மறித்து நின்றால்?

பதில்: சனி இரவு நட்சத்திரம் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம், அந்த வாசல் அடைத்தது அடைத்ததுதான்! அவசரமாக நிறுத்தியவர் ஜெபத்தில். அடுத்த வீட்டுக்காரர் சாபத்தில்!

இந்த வழக்கு புதிதல்ல. கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்ட நூலான மிஷ்னாவிலேயே, பொதுவழியில் குடத்தை வைத்துவிட்டுப் போனவனைப் பற்றிய சட்டம் இருக்கிறது. தடுக்கி விழுந்தவனுக்கு அடிபட்டால் குடத்துக்காரன்தான் நஷ்டஈடு தரவேண்டும். இன்று குடத்துக்குப் பதில் கார்.

உயிரைக் காக்க ஓய்வுநாளிலும் வண்டி ஓட்டலாம் என்பது யூத மரபு. அதனால் ஹட்சோலா அமைப்பின் ஆம்புலன்ஸ் தொண்டர்கள் சனிக்கிழமையும் விரைகிறார்கள். மறிக்கப்பட்டது அப்படியொரு தொண்டரின் வாசலாக இருந்தால்? பக்தனாக விரும்புகிறவன் முதலில் பிறருக்குச் சேதம் வராமல் நடக்கட்டும் என்கிறது, மிஷ்னாவை விளக்கும் தல்மூத். ஆகவே, இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு நடந்து போங்கள். அந்த நடையும் வழிபாடுதான்!