பந்தியும் இருளும்: ஹாரி பாட்டர் வாசகரின் மனத்தாங்கல் குறித்த ஓர் ஆய்வு

மாயாஜாலத் தொடர்கதை ஒன்று பாகத்துக்குப் பாகம் இருண்டுகொண்டே போகையில் அதன் நெடுநாள் வாசகரைப் பற்றிக்கொள்ளும் ஏமாற்றம் இக்கட்டுரையில் 'இருட்பிணி' எனப்படும். ஜே. கே. ரௌலிங் 1997 முதல் 2007 வரை ஏழு பாகங்களாக வெளியிட்ட ஹாரி பாட்டர் வரிசையில் இப்பிணியின் எல்லா நிலைகளையும் காணலாம் என்பதால், ஆய்வு அவ்வரிசையோடு நிறுத்தப்படுகிறது.

நான்காம் பாகத்தில் செட்ரிக், ஐந்தில் சிரியஸ், ஆறில் டம்பிள்டோர் என வரிசையாக விழும் சாவுகளே பிணிக்குக் காரணம் என்பது பொதுவான கருத்து. ஆனால் முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்திலேயே நாயகனின் தாய் தந்தையர் கொலையுண்டு, கைக்குழந்தை உறவினர் வீட்டு வாசற்படியில் விடப்படுகிறது. அதைப் படித்த எந்தச் சிறுவரும் புத்தகத்தை மூடிவைத்ததாகத் தெரியவில்லை. சில அத்தியாயங்கள் கழித்து ஹாக்வர்ட்ஸ் பள்ளியின் பெருங்கூடத்தில் வெறுந்தட்டுகள் தாமாக நிரம்பி, வறுத்த கோழியும் உருளைக்கிழங்கும் குவிந்துவிடுவதே இதற்குக் காரணமாகலாம். ஆகவே வாசகர் எண்ணுவது பிணங்களை அல்ல, பந்திகளை என்னும் கருதுகோள் இங்கு முன்வைக்கப்படுகிறது.

மூன்றாம் பாகத்தில் வரும் டிமென்டர்கள், அதாவது அண்டியவரின் மகிழ்ச்சியை உறிஞ்சியே வாழும் சிறைக் காவலர்கள், வரிசையிலேயே மிகக் கொடிய படைப்புகள் எனினும், அவர்களால் தாக்குண்டோருக்கு மருந்தாகத் தரப்படுவது சாக்லேட் என்பதால், அப்பாகம் இருண்டுவிட்டதாகக் குறைப்படுவோர் குறைவு.

ஏழாம் பாகத்திலோ பந்தியே குலைகிறது. பில், ஃபிளர் திருமண விருந்து பாதியில் கலைய, ஹாரி, ரான், ஹெர்மயனி ஆகிய நாயகர் மூவரும் காடு காடாகக் கூடாரமடித்து, ஹெர்மயனி சமைக்கும் காட்டுக் காளானைத் தின்று காலம் தள்ளுகின்றனர். மந்திரத்தால் வெறுங்காற்றிலிருந்து உணவை உண்டாக்க முடியாது என்னும் விதி இங்கேதான் விளக்கப்படுவது, வாசகரின் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சும் செயல். மூவரில் ரான் மட்டும் முணுமுணுத்து, சண்டையிட்டு, வெளியேறுகிறான். கழுத்தில் மாட்டிய லாக்கெட்டின் தீய ஆற்றலுக்கு அதில் பங்குண்டு என்கிறது நூல். வெறும் வயிற்றின் பங்கை விடுதியில் தங்கிப் படித்த எவரும் மறுக்கமாட்டார். இனி இத்தொடரே வேண்டாமென்று சபதமிட்டுப் போய், அடுத்த பாகம் வெளியானதும் கடை வாசலில் வரிசையில் நிற்கும் ரசிகரைப் போலவே ரானும் திரும்பி வந்துவிடுவதால், இருட்பிணியின் முதல் நோயாளி கதைக்குள்ளேயே இருக்கிறான் எனத் துணியலாம்.

1997இல் பத்து வயதான வாசகருக்கு 2007இல் இருபது வயது ஆகிவிட்டமையால், கதை அவரோடு சேர்ந்து வளர்ந்தது என்பர் சிலர். நியாயமான வாதந்தான்; ஆயினும் ஐந்தாம் பாகத்தில் பதினைந்து வயது ஹாரி ஓயாமல் கத்துவதை மிகுதியாக வெறுத்தவர்கள், அதே வயதில் தம் வீட்டுக் கதவுகளை அறைந்து சாத்தியவர்களே ஆவர்.

ஆசிரியருக்கும் பந்தியைப் பற்றிய இவ்வுண்மை ஓரளவு பிடிபட்டிருந்தது போலும். வில்லன் வால்டமார்ட் மாண்டு, போர் ஓய்ந்த பின், ஹாரியின் மனத்தில் எழுவது வெற்றியின் பெருமிதமன்று; படுக்கையும், அங்கே வீட்டு வேலைப் பூதமான கிரீச்சர் ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து தருமா என்னும் யோசனையுமே. அது வந்ததா என்று சொல்லாமலேயே, நூல் பத்தொன்பது ஆண்டுகளைத் தாண்டி ரயில் நிலையத்துக்குப் போய்விடுகிறது.