பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் குறுக்கெழுத்துக்கு விடை கேட்கும் மரபு: ஓர் ஆய்வு

1. முன்னுரை

காலைப் பேப்பரில் வரும் குறுக்கெழுத்தை யாரையும் கேட்காமல் போட்டு முடித்ததாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. இவ்வாய்வு அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. ஒன்று, அவர்கள் புளுகுகிறார்கள். அல்லது, பாவம், அக்கம்பக்கத்தில் பேச ஆளில்லாதவர்கள். இரண்டாம் வகையினர் மீது ஆய்வாளருக்கு அனுதாபம் உண்டு.

கருதுகோள் இதுதான்: கட்டத்தை நிரப்புவது புலமை அன்று, எந்தக் கட்டத்துக்கு யாரைக் கேட்க வேண்டும் என்று அறிவதே புலமை.

2. ஆய்வுக் களம்

இவ்விரு மாவட்டங்களைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, பொறுமை. சாத்தனூரில் 18 மீட்டர் நீள மரமொன்று கல்லாகிக் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டு. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் திங்களும் வெள்ளியும்தான் தரிசனம் தருகிறாள். விடை நாளைக்குத்தான் வரும் என்றால் பதறாமல் இன்னொரு டீ சொல்லும் பக்குவம் இங்கே பரம்பரைச் சொத்து.

இரண்டாவது, அழித்து எழுதும் பழக்கம். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001 ஜனவரி 1 அன்று பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002 மார்ச் 31 அன்று திரும்பச் சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடி பிரிந்தது. அரசாணையையே பென்சிலால் எழுதிய நிலப்பரப்பு இது. இங்கே ஒரு பெரியவர் விடையை நாலு தடவை மாற்றினால் அதைக் குற்றமாகக் கொள்ள முடியாது.

மூன்றாவது, ஆய்வாளரின் மாமனார் வீடு அரியலூரில் இருப்பது. களப்பணிக்கான உணவும் உறைவிடமும் அவ்வழியே கிட்டின.

3. முன்னோர் ஆய்வுகள்

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' ஏட்டில் ஆர்தர் வின் என்பவர் முதல் குறுக்கெழுத்தை வெளியிட்டார் என்பது மேலை நாட்டார் துணிபு. நம் ஆய்வாளர் எவரும் இதை இன்னும் மறுக்காதது வியப்பளிக்கிறது. தண்டியலங்காரம் கூறும் சித்திரகவிகளுள் சுழிகுளம் என்று ஒன்று உண்டு. எட்டெழுத்தாக நான்கடி, கட்டம் போட்டு எழுதி, மேலிருந்து கீழும் கீழிருந்து மேலுமாகச் சுற்றி வந்தாலும் அதே பாட்டு கிடைக்கும். வின் தண்டியலங்காரம் படித்தார் என்பதற்குச் சான்றில்லை. படிக்கவில்லை என்பதற்கும் சான்றில்லை.

'தி இந்து' ஆங்கில நாளிதழின் குறுக்கெழுத்தை 1971இல் முதலில் அமைத்தவர் வைஸ் அட்மிரல் ராம் தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படையின் தலைமைக்கு வந்த முதல் இந்தியரும் அவரே. அரியலூர்ச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் கடல்வாழ் உயிர்களின் புதைபடிவங்கள் கிடைக்கின்றன. இது ஒரு காலத்தில் கடலடியாக இருந்த மண். எனவே கட்டாரிக்கும் அரியலூருக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது.

விடை தேடுவோருக்கான கையேடுகளில் மண்டல புருடரின் சூடாமணி நிகண்டுக்கு இணையில்லை. அதன் பதினோராம் தொகுதி, ஒரு சொல்லுக்குள்ள பல பொருள்களை எதுகை வரிசையில், அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து, அடுக்குகிறது. முதல் எழுத்து தெரியாமல், குறுக்கே ஓடும் சொல்லால் இரண்டாம் எழுத்து மட்டும் கிடைத்துத் தவிப்பவருக்கென்றே செய்தது போல இருக்கும்.

கேட்டுத் தெரிந்துகொள்ளும் மரபுக்கு இம்மண்ணின் தலைசிறந்த சான்று உ.வே.சாமிநாதையர். இளமையில் அரியலூரில் சடகோபையங்காரிடம் பாடம் கேட்டார். குன்னத்தில் இருந்தபோதும் யாருக்குத் தமிழ் தெரியும் என்று விசாரித்துக்கொண்டே இருந்தார். காரிகை படிக்க வேண்டிப் பெரம்பலூர்ப் பக்கத்துச் செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரைத் தேடிப் போனார். பின்னாளில் சீவக சிந்தாமணியில் பொருள் விளங்காத இடங்களுக்குக் கும்பகோணத்துச் சமணர்களைக் கேட்டார். 1887இல் நூல் அச்சாகி வந்தது. கேட்பதை வெட்கமாக நினைத்திருந்தால் சிந்தாமணி ஏட்டிலேயே இருந்திருக்கும்.

4. கணிதப் பின்புலம்

ஆங்கிலத்தில் ஒரு கட்டத்துக்கு வாய்ப்புகள் 26. மூன்று கட்டச் சொல்லுக்கு 17,576. தமிழில் ஒரு கட்டத்துக்கு 247. மூன்று கட்டத்துக்கு 1,50,69,223. போதாததற்கு, தமிழ்க் கட்டங்களில் சொற்கள் வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் ஓடும். சில இடங்களில் 'குழம்பியிருக்கிறது' என்று குறிப்பிலேயே போட்டுவிடுவார்கள். குழம்பியிருப்பது சொல்லா, போடுபவரா என்று அதில் தெளிவு இராது. ஒன்றரைக் கோடி வாய்ப்புகளை ஒரு தலைக்குள் வைத்து அலச முடியாது. அதற்குத்தான் பெஞ்சு போட்ட டீக்கடை.

5. உதவுவோர் வகைப்பாடு

அ) ஓய்வுபெற்ற தமிழாசிரியர். விடை தெரியும். ஆனால் இலக்கணக் குறிப்போடுதான் சொல்வார்.

ஆ) எட்டிப் பார்ப்பவர். தோளுக்குப் பின்னால் நிற்பார். பேப்பர் வாங்கமாட்டார், பேனாவும் இராது. நாம் பாதி எழுதியதும் மீதியைச் சொல்வார்.

இ) செல்போன் தம்பி. கேட்ட மாத்திரத்தில் விடையை எடுத்துக் காட்டுவார். களத்தில் மிகக் குறைந்த மரியாதை பெறும் வகை இதுவே.

ஈ) அடுப்படிக் குரல். பேப்பரைப் பார்த்ததே இல்லை. "என்னது, நாலு எழுத்தா? அரப்புனு போடுங்க" என்று தாளிப்புக்கு நடுவில் சொல்லும். பெரும்பாலும் சரியாக இருக்கும். அதனால்தான் யாரும் பாராட்டுவதில்லை.

6. கள நிகழ்வு

இடம்: அரியலூர்ப் பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடை. மேலிருந்து கீழ் 7: 'யானை'. மூன்று கட்டம். இடமிருந்து வலம் 9 'சேலத்தில் பெயர்பெற்ற கனி'. அது மாம்பழம் என்று முன்பே முடிவாகிவிட்டதால் நடுக்கட்டத்தில் 'ம்' உட்கார்ந்துவிட்டது. இதனால் வாய்ப்புகள் 61,009ஆகக் குறைந்ததை ஆய்வாளர் சபைக்கு எடுத்துச் சொன்னார். யாரும் கவனிக்கவில்லை.

சிமென்ட் லாரி ஓட்டுநர் தொடங்கினார். "வேழம் போடுங்க சார்."

"நடுவுல 'ம்' வரணுமேண்ணே."

"ஏன், வேழத்துல 'ம்' இருக்குல்ல?"

"கடைசியில இருக்கு."

"அப்ப கீழேருந்து மேல போட்டுப் பாருங்க."

திருப்பிப் போட்டாலும் நடுவில் 'ழ'தான் வரும் என்பதை ஒரு காகிதத்தில் எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. அடுத்து எட்டிப் பார்ப்பவர் "களிறு" என்றார். அதில் 'ம்' எங்குமே இல்லை. தமிழாசிரியர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "தந்தினாலும் யானைதான். தந்தம் உடையது தந்தி" என்றார். "ஐயா, அது பேப்பராச்சே" என்றார் ஓட்டுநர். செல்போன் தம்பி வாயைத் திறந்தார். நாலு பேர் ஒருசேர முறைத்தார்கள்.

அப்போது டீ மாஸ்டர், ஆற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல் சொன்னார்: "தும்பிக்கை வச்சிருக்குதே, அதுக்குத் தும்பினு பேரு கீரு இருக்குமா?"

ஒன்றரைக் கோடி, அறுபத்தோராயிரமாகி, ஒன்றாகியது. தும்பிக்கு யானை என்ற பொருள் அகராதியிலேயே இருக்கிறது. தமிழாசிரியர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அப்பவே தெரியும். நீங்களே கண்டுபிடிக்கட்டும்னு விட்டேன்" என்றார். இக்கூற்றைச் சரிபார்க்க ஆய்வு நெறிகளில் வழியில்லை.

7. சட்டச் சிக்கல்கள்

1930களில் ஆனந்த விகடன் நடத்திய குறுக்கெழுத்துப் போட்டிகளுக்கு இருந்த மவுசு பெரியது. பரிசு என்று வந்தால் சட்டமும் வரும். 1955ஆம் ஆண்டின் பரிசுப் போட்டிகள் சட்டம் குறுக்கெழுத்தைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, மாதப் பரிசுத் தொகைக்கு ஆயிரம் ரூபாய் உச்சவரம்பு வைத்தது. திறமையால் வெல்லும் போட்டிகளுக்கு இது பொருந்தாது என்று சமர்பாக்வாலா வழக்கில் 1957இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

விடை சொன்னவருக்கு டீ வாங்கித் தருவது இப்பகுதியின் வழக்கம். டீ 15 ரூபாய், வடை 10 ரூபாய் எனக் கொண்டால் முப்பது நாளைக்கு 750 ரூபாய், வரம்புக்குள் அடங்கும். வடை இரண்டானால் 1,050. அப்போது, விடை திறமையால் வந்ததா குருட்டாம்போக்கில் வந்ததா என்று நிறுவும் பொறுப்பு வடை தின்றவரைச் சாரும்.

8. முடிவுரை

கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது. அன்றைய கட்டத்தை நிரப்ப ஓர் ஆசிரியர், ஓர் ஓட்டுநர், ஒரு டீ மாஸ்டர், ஒரு வேடிக்கை பார்ப்பவர் தேவைப்பட்டனர். தப்பாகச் சொன்னவர்களும் தேவைதான்; வேழமும் களிறும் தந்தியும் ஒவ்வொன்றாகக் கழிந்த பிறகே தும்பிக்கு இடம் கிடைத்தது. செல்போன் அரை நொடியில் சொல்லியிருக்கும். ஆனால் லாரி ஓட்டுநரும் தமிழாசிரியரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து யானையைப் பற்றி அரை மணி நேரம் வழக்காடியிருக்க மாட்டார்கள்.

9. மேலாய்வுக்குரிய தலைப்புகள்

அ) சுடோகு போடுபவரின் பக்கத்தில் ஏன் யாரும் உட்காருவதில்லை?

ஆ) விடை தெரிந்தும் சொல்லாமல் சிரிக்கும் மைத்துனர்: ஓர் உளவியல் நோக்கு.

இ) கடைப் பேப்பரில் பேனாவால் எழுதியவர் மீது, சினிமாப் பக்கத்துக்காகக் காத்திருந்தவர் எடுக்கக்கூடிய நடவடிக்கைகள்.