பொன்னாடை போர்த்திய பகிடிக்காரர்

திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் 18 நாள் பாரதமே மறுபடி நடந்தேறுகிற பாண்டிருப்பில் பிறந்த சிறுவனொருவன், அருச்சுனன் தவத்துக்குப் புறப்படும் கம்பீரத்தைப் பக்தியோடு பார்த்துவிட்டு வீடு திரும்பி, அதே கம்பீரத்தோடு தன் தகப்பனார் கடன் கேட்கப் போகும் நடையைத் தாயாருக்கு நடித்துக் காட்டினானென்றால், அவன் மேடைப் பகிடிக்காரனாவது அன்றே நிச்சயமாயிற்று எனலாம். அருச்சுனனாக நிற்பதற்கு விரதம் வேண்டும். தகப்பனாராக நடப்பதற்குத் துணிச்சல் போதும்.

தனியொருவராக நின்று சபையைச் சிரிக்கச் செய்வதற்கு நம் நாட்டில் உதாரண புருஷர் இல்லாமலில்லை. கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ தனிநடிப்பில் பஸ்ஸும் இல்லை, பிரயாணிகளும் இல்லை. கொண்டக்டர் ஒருவரே நெரிசல் முழுவதையும் உண்டாக்கிவிடுவார். வானொலியில் புகழ்பெற்று 1976 இல் திரைக்கும் வந்த ‘கோமாளிகள்’ குழுவினரோ, மரைக்கார் ராமதாஸ் என்றும், அப்புக்குட்டி ராஜகோபால் என்றும், உபாலி செல்வசேகரன் என்றும் வேடத்தின் பெயரையே தம் பெயருக்கு முன்னால் சுமந்து திரிந்தார்கள். இதைவிடப் பெரிய பட்டத்தை எந்தச் சபையும் அவர்களுக்குக் கொடுத்துவிட முடியாது.

பாண்டிருப்பில் வளர்ந்து மேடையேறிய நம்மவர் அந்தக் கொண்டக்டரைக் கல்முனை – அக்கரைப்பற்று வீதிக்கு இடமாற்றம் செய்து தம் கீர்த்தியைத் தொடங்கினார். பிறகு வயல்காரப் போடியாராக வந்தார்: வாய் நிறைந்த வெற்றிலையோடு மடியை அவிழ்ப்பதும், அவிழ்த்த மடியை மனம் மாறி மறுபடி முடிந்துகொள்வதுமாக, ஒரு வார்த்தையும் பேசாமலே சபையைக் கால்மணி நேரம் கட்டிவைத்தார். மருதமுனைச் சாரன் வியாபாரியாக மாறி, “கழுவக் கழுவத்தான் காக்கா நிறம் வரும், வாப்பாட காலத்துச் சாயம்!” என்று அவர் சத்தியம் பண்ணியபோது, அதிகம் சிரித்தவர்கள் மருதமுனையார்தாம், ஒவ்வொருவரும் அடுத்த கடைக்காரரை நினைத்துச் சிரித்தார்கள்.

இவ்வளவு பிரக்யாதி பெற்ற மனிதரைக் கைபேசியில் வந்து குவிந்த வடிவேலு வீழ்த்தினார் என்று ஊரிலே சொல்வதுண்டு. நான் அதை ஒப்புவதில்லை. அவரை வீழ்த்தியது பொன்னாடை. முதலாவது பொன்னாடையைப் போர்த்தியபோது, அதையே முந்தானையாக்கி ஒரு பெண்பிள்ளையாக நடந்து காட்டினார். ஐந்தாவதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பத்தாவதற்குப் பின்பு பொன்னாடையில்லாத கூட்டங்களுக்கு வருவதே அபூர்வமாயிற்று. அரசு மூத்த கலைஞருக்கு வழங்கும் கலாபூஷண விருதும் கிடைத்த பின்னரோ, நடையில் நிதானமும், பேச்சில் “அவையோரே” என்ற விளியும், முகத்தில் தம்மைப் பார்த்து எவரும் சிரித்துவிடக் கூடாதென்ற கவலையும் குடிபுகுந்தன. சிரிக்க வைப்பதை விட்டுச் சிரிப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்யலானார். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் நகையை முதலில் வைத்ததையும், அதற்கு நான்கு காரணங்கள் வகுத்ததையும் முக்கால்மணி நேரம் விரிப்பார். நான்காவது காரணம் வருவதற்குள் பின்வரிசை எழுந்து தேநீர்க் கடைக்குப் போய்விடும்.

அண்மையில் ஒரு பாடசாலைக் கலைவிழாவுக்குப் பிரதம அதிதியாக வந்திருந்தார். பையனொருவன் தோளில் துவாயைப் போர்த்துக்கொண்டு மேடையேறி, மெல்ல நடந்து, தொண்டையைச் செருமி, மைக்கை மூன்று தரம் தட்டி, “அவையோரே” என்றான். மண்டபம் அதிர்ந்தது. நம்மவரும் கண்ணில் நீர் முட்டச் சிரித்துவிட்டு, பக்கத்திலிருந்த அதிபரிடம், “தத்ரூபமாக் காட்டுறான் சேர்! ஆர் அந்த ஆள்?” என்று விசாரித்தார்.

“தெரியாது ஐயா,” என்றார் அதிபர், “ஆரோ பிற ஊராளாக்கும்.”