ஸ்பூன் கணக்கர்

கேக் சுடும் வீடுகளில் ஸ்பூன் கணக்கர் ஒருவரைப் பார்க்கலாம். செய்முறையில் '250 கிராம் மைதா' என்று கண்டால் மற்றவர்கள் தராசைத் தேடுவார்கள். இவர் கால்குலேட்டரைத் தேடுவார். ஒரு டேபிள்ஸ்பூன் மைதா 8 கிராம், ஆகவே 31.25 ஸ்பூன். முப்பத்தொன்றை எண்ணிப் போட்டுவிட்டு, அந்தக் கால் ஸ்பூனுக்காகக் கண்ணை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் போராடுவார். பதினேழாவது ஸ்பூனில் குக்கர் விசிலடித்து எண்ணிக்கை தவறினால், மாவைத் திரும்ப டப்பாவில் கொட்டி ஒன்றிலிருந்து தொடங்குவார். இவரைச் சோம்பேறி என்பதோ கணக்கு வராதவர் என்பதோ அநியாயம். வீட்டிலேயே அதிகம் கணக்குப் போடுபவர் இவர்தான். தசமப் புள்ளியிடம் காட்டும் கறாரை ஸ்பூனிடம் காட்டுவதில்லை என்பதுதான் இவர்மீதுள்ள ஒரே வழக்கு.

செய்முறை கேட்பது எடையை. ஸ்பூன் அளப்பது கொள்ளளவை. ஒரே டேபிள்ஸ்பூனில் மைதா 8 கிராம், சர்க்கரை பன்னிரண்டரை, தேன் 21 என்பதெல்லாம் இவருக்கு மனப்பாடம். ஆனால் மைதாவுக்கு அந்த 8 மனப்பாடம் ஆகவில்லையே! சலித்த மாவு லேசாக நிற்கும். டப்பாவில் அமுங்கிக் கிடந்தது கனக்கும். தலைதட்டி எடுத்தால் ஓர் எடை, கோபுரமாக எடுத்தால் வேறோர் எடை. ஸ்பூனுக்கு 2 கிராம் கூடினாலே 31 ஸ்பூனில் 62 கிராம் ஏறிவிடும். கேட்டதைவிடக் கால் பங்கு அதிகம். கேக் செங்கல்லாவதற்கு அது தாராளம். போதாக்குறைக்கு, அமெரிக்க டேபிள்ஸ்பூன் சுமார் 15 மில்லிலிட்டர், ஆஸ்திரேலியாவில் 20. இவர் கையிலிருப்பதோ கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் ஸ்பூன். அது எந்த நாட்டுச் சட்டத்துக்கும் கட்டுப்பட்டதல்ல.

"ஆழாக்கும் படியும் வைத்துத்தானே நம் பாட்டிமார் சமைத்தார்கள்?" என்பார். உண்மைதான். ஆனால் அவர்கள் அளந்தது அரிசி. அதை எவ்வளவு அழுத்தினாலும் மாவுபோல் அமுங்காது. இட்லிக்கு நாலுக்கு ஒன்று என்பது விகிதம். அரிசியையும் உளுந்தையும் ஒரே டம்ளரால் அளந்தால் போதும், அது எந்த டம்ளராக இருந்தால் என்ன? சாம்பாரில் உப்பு குறைந்தால் கொதிக்கும்போதே சேர்க்கலாம். ஓவனுக்குள் போன கேக்கை யாரும் சரிசெய்ய முடியாது. "அமெரிக்காவே கப்பிலும் ஸ்பூனிலும்தானே சுடுகிறது?" என்பது அடுத்த கேள்வி. அங்கே ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் புத்தகம் வலியுறுத்தியதே, அளவுக் கப்பும் அளவு ஸ்பூனும் கொண்டு தலைதட்டி அளக்கும் ஒழுங்கைத்தான். அப்படி அளந்தும், இன்றைக்கு ஒரு கப் மைதா ஒரு புத்தகத்தில் 120 கிராம், இன்னொன்றில் 140க்கும் மேல்.

ஓரிடத்தில் மட்டும் ஸ்பூன் கணக்கர் ஜெயிக்கிறார். அரை டீஸ்பூன் சோடா உப்பு இரண்டு மூன்று கிராம்தான். ஒவ்வொரு கிராமாகத் தாவும் வீட்டுத் தராசு அதில் ஒரு கிராம் பிசகினாலும் மூன்றிலொரு பங்காவது தவறிவிடும். அங்கே தலைதட்டிய அளவு ஸ்பூன்தான் யோக்கியமான சாட்சி. எனவே தீர்ப்பு எளிது: சோடா, ஈஸ்ட், ஏலப்பொடிக்கு ஸ்பூன், மாவு, சர்க்கரை, வெண்ணெய்க்குத் தராசு. சில நூறு ரூபாயில் தீரும் சமாச்சாரம். ஆனால் தராசு வாங்கிக் கொடுத்தாலும் இவர் திருந்துவார் என்று நம்ப வேண்டாம். முதல் வேலையாக ஒரு ஸ்பூன் மைதாவை ஐந்து தடவை நிறுப்பார். ஐந்து விடை வரும். ஐந்தையும் கூட்டி வகுத்துச் சராசரியைக் குறித்துக்கொண்டு, இனி வேலையில்லை என்று தராசைப் பரணில் ஏற்றிவிடுவார்.